மலை பங்களாவில் ஊதிய சங்கு

பழவேற்காட்டுக் கருவாட்டை எத்தனை துணியில் சுற்றினாலும் அதன் வாசனை வெளியே வந்துவிடும். ஊத்துக்கோட்டைக்குப் போன பேருந்தில், அம்மாவின் மடியிலிருந்த மூட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்த முன் இருக்கைக்காரர் ஜன்னலைத் திறந்தபோது, "நல்லாத் தொறங்க, காத்து வரட்டும்" என்று அம்மா அவரை உற்சாகப்படுத்தினாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் உலையடியில் வேலை பார்த்தார். ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றின் சரிவில் ஆலைக்கு ஓர் ஓய்வு பங்களா இருந்தது. அதுவரை அதிகாரிகளின் குடும்பங்கள் மட்டுமே தங்கிவந்த அந்த வீட்டில், ஒரு வாரம் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுத் தங்கும் உரிமையைத் தொழிலாளர்கள் போராடி வாங்கியிருந்தார்கள். முதலில் போன குடும்பம் எங்களுடையது. எங்கள்மேல் ஒரு புகார் எழுந்தாலும் பின்னால் வரவேண்டிய எல்லோருக்கும் கதவு சாத்தப்படும் என்று அப்பா பயந்தார்.

பங்களாவின் காவல்காரர் ராஜய்யா, மூட்டையை மோந்ததுமே சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கவுச்சியெல்லாம் பின்னால தகரக் கொட்டாயில ஆக்கிக்கம்மா. டிரைவருங்க அங்கதான் ஆக்குவாங்க."

"ஊட்டக் குடுத்துட்டு அடுப்பப் பூட்டி வெச்சிக்கினா இன்னா நைனா அர்த்தம்?"

"ஆபீசருங்க படுக்கிற எடம்மா. நாத்தம் சோபால ஏறிக்கும்."

"அவங்க பவுடரு வாசன மட்டும் ஏறலாமா?"

"வுடு மேரி, வந்த எடத்துல பேஜாரு பண்ணாத" என்றார் அப்பா.

அம்மா விட்டாள்; ஆனால் கொட்டகைக்குப் போகவில்லை. வாசல் போர்டிகோவில், குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். மறுநாள் விடியற்காலையில் பழக்க தோஷத்தில் அப்பாவுக்குக் "கேரியர்" கட்டிவிட்டாள். அவரும் அதை வாங்கிக்கொண்டு வெளி கேட் வரை நடந்துபோய், எதிரே மலையைப் பார்த்த பிறகுதான் தான் விடுமுறையில் இருப்பதை உணர்ந்து திரும்பினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அதுவே விளையாட்டாகி, தினமும் அவருக்குக் கேரியரிலேயே சாப்பாடு வந்தது.

ஆலை அதிகாரி ஒருவர் தன் மனைவியோடு வந்து இறங்கியது சனிக்கிழமை என்று என் தம்பி இன்றும் சாதிக்கிறான். ஞாயிறுதான். மாதா கோயில் பூசைக்குப் போக முடியாத எரிச்சலில் அம்மா காலையிலிருந்தே பாத்திரங்களை இடித்துக்கொண்டிருந்தாள். போர்டிகோச் சுவரில் படிந்த கரியைப் பார்த்ததும் அதிகாரி அப்பாவிடம் திரும்பினார்.

"அடுப்ப உடனே எடுக்கச் சொல்லு. உன் ஒருத்தனால அத்தனை பேருக்கும் எடம் போயிடும்."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது: சாப்பாட்டு நேரத்துச் சைரனான "சங்கு" ஊதிவிட்டால், அது மறுபடி ஊதும்வரை எந்த அதிகாரியும் எந்தத் தொழிலாளியையும் கூப்பிடக் கூடாது. அப்பா கேரியரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அதிகாரிகள் சாப்பிடும் பெரிய மேசையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

"சாப்பாட்டு சங்கு ஊதிட்டாங்க சார்."

"இங்க ஏதுய்யா சங்கு?"

"எனக்குக் கேக்குது சார்."

பயந்த மனிதரின் குரலாக அது இல்லை. அம்மா எங்களையும் அவர் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். அப்பா நிமிராமல், அவசரமில்லாமல் சாப்பிட்டார். அதிகாரிக்கும் அது பல வருடப் பழக்கம்தானே. வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு, வாசலில் போய் நின்றார். அவர் மனைவி மட்டும் எட்டிப் பார்த்து, "மாங்கா போட்டீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பா கைகழுவி வந்த பிறகுதான் அதிகாரி பேசினார், அதுவும் ராஜய்யாவிடம்: "செவுரு பூரா கரி. உள்ளயே ஆக்கிக்கட்டும், சாவியைக் குடு."

அந்தக் கோடையிலேயே எங்களுக்குப் பின்னால் வேறு குடும்பங்களும் போய்வந்தன. இன்று ஆலை கைமாறிவிட்டது. பங்களா விடுதியாகிவிட்டது. சங்கும் ஊதுவதில்லை, உலையடியில் ஒப்பந்தப் பிள்ளைகள் நின்றபடியே தின்கிறார்கள், நடுவில் கூப்பிட்டால் எச்சில் கையோடு ஓடுகிறார்கள்.

நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டுக்குப் பக்கத்தில் போன மாதம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: மீன், கருவாடு சமைப்பவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டுமாம். இன்று ஞாயிறு. குழம்பில் மாங்காய் போட்டாயிற்று. மணி ஒன்று, எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருக்கிறேன்.