மூன்று கட்டம் போட்ட பானெட்

கிருஷ்ணகிரி டாக்சி ஸ்டாண்டில் நின்ற கார்களில் ஒரு பெண்ணுக்குச் சொந்தமானது ஒன்றே ஒன்றுதான். கறுப்பு நிறத்தில் ஒரு பழைய ஃபோர்டு. சொந்தக்காரி ருக்மணி. ஓட்டுகிறவர் அவள் கணவர் கோவிந்தப்பன்.

அவர் அதற்கு முன்னால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். மெட்ராசுக்கும் பெங்களூருக்குமாக அலைகிற மனுஷன் வீட்டில் தங்குவதே அபூர்வம். பிறந்த வீட்டு மாந்தோப்பில் தனக்கு வந்த பங்கை ருக்மணி விற்று இந்தக் காரை வாங்கினாள். அண்ணன்மார்கள் குதித்தார்கள். "தோப்புன்னா வருசா வருசம் காய்க்கும். காரு காய்க்குமா?" என்று கேட்டார்கள்.

"காய்க்காது. ஆனா எங்க வூட்டுக்காரரு பொழுது சாஞ்சா வூட்டுக்கு வந்துருவாரு" என்றாள் ருக்மணி. 

கார் வந்த நாளிலிருந்து அதை ஓட்டுவது அவர் பொறுப்பு, பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு என்று ஆகிவிட்டது. டயரில் ஏறிய முள், கதவுக் கீலில் கேட்கிற முனகல், சீட்டுத் தையலில் விட்ட பிரி, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பளபளப்பு விஷயத்தில் மட்டும் கோவிந்தப்பன் விட்டுக்கொடுக்க மாட்டார். கல்யாணச் சவாரி என்றால் போதும், முதல் நாளே கட்டிங் பாலிஷ் டப்பாவைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். மணல் கலந்த களிம்பு மாதிரி இருக்கும் அது. தேய்க்கத் தேய்க்க, வண்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

ஒருநாள் அவர் தேய்த்துப் போட்ட துணியை ருக்மணி அலசப் போனாள். தண்ணீர் மை கரைத்தது போல் ஆயிற்று. அவள் எழுந்து வந்து வண்டியைச் சுற்றினாள். முன் மட்கார்டின் முகட்டில் கறுப்புக்குக் கீழேயிருந்து அடிப்பூச்சின் செங்கல் நிறம் லேசாக எட்டிப் பார்த்தது.

"ஏங்க, அழுக்கு போவுதுன்னுதான நெனச்சிட்டு இருக்கீங்க? போறது பெயிண்ட்டுங்க."

கோவிந்தப்பன் நம்பவில்லை. இருவருமாகக் குருபரப்பள்ளிக்கு லால் பாஷாவிடம் போனார்கள். அந்தச் சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவர் அவர். சுற்றுவட்டாரத்தில் அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. மட்கார்டைத் தடவிப் பார்த்த அவர், "ருக்மணிம்மா சொல்றது சரிதான்" என்றார். "பாலிஷுன்றது தேய்ச்சு எடுக்கிற சாமான். வெயில்ல செத்துப்போன மேல்தோலை எடுக்கும், கூடவே நல்ல தோலும் கொஞ்சம் போவும். மெழுகு அப்படி இல்ல, அது மேல மூடுறது. இது வேற வேல, அது வேற வேல."

கோவிந்தப்பனுக்கு மனசே இல்லை. ஆனாலும் பாலிஷ் டப்பா அன்றோடு பரணுக்குப் போயிற்று. மெழுகு டப்பா வந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் பொங்கல் கழிந்த சமயம், பெங்களூரிலிருந்து ஒரு விற்பனைக்காரர் ஸ்டாண்டுக்கு வந்தார். கையில் நீளக் கழுத்துப் பாட்டில். உள்ளே பால் போன்ற திரவம். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். சிலிக்கோன் என்று ஒன்று சேர்த்திருக்கிறதாம். ஒருமுறை பூசினால் போதும், பெயிண்ட்டுக்கு மேல் பூட்டுப் போட்டது மாதிரியாம். வெயிலோ மழையோ அண்டாதாம். அவர் ஒரு காரின் கதவில் கொஞ்சம் பூசித் துடைத்துக் காட்டினார். கூட்டமே "ஆ" என்றது.

ருக்மணி லால் பாஷாவைக் கேட்டாள். "நான் இதக் கண்டதில்லம்மா. தெரியாததத் தெரியும்னு எப்படிச் சொல்றது?" என்று அவர் கைவிரித்தார்.

வீட்டுக்கு வந்தவள் ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். வண்டியின் எஞ்சின் மூடியான பானெட்டில் சாக்கட்டியால் கோடு இழுத்து மூன்று கட்டம் போட்டாள். ஒன்றில் பாலிஷ், நடுவில் மெழுகு, மூன்றாவதில் விற்பனைக்காரர் மாதிரிக்குக் கொடுத்த பாட்டில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணி.

"ஊரு சிரிக்கும் ருக்கு" என்றார் கோவிந்தப்பன்.

"சிரிக்கட்டும். சொல்றவங்க பேச்சக் கேட்டு வாங்கறதவிட, வண்டியே சொல்லட்டும்."

ஊர் சிரிக்கத்தான் செய்தது. கறுப்பு பானெட்டில் மூன்று விதமாக மின்னிய கட்டங்களைப் பார்த்து, "என்னாப்பா, காருக்கு ஒட்டுப் போட்ட சட்டையா?" என்று ஸ்டாண்டில் கேட்டார்கள். கோவிந்தப்பன் முதலில் முகம் சிவந்தார். பிறகு அவரே எல்லாரையும் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தார். எந்தக் கட்டம் ஜெயிக்கும் என்று டிரைவர்களுக்குள் கட்சி கட்டுகிற அளவுக்குப் போயிற்று.

முதல் வாரம் பாலிஷ் கட்டம்தான் ராஜா. பங்குனி வெயிலில் அது வெளிறத் தொடங்கியது. மெழுகு தாக்குப்பிடித்தது, ஆனால் சித்திரைச் சூட்டில் இளகி, சூளகிரிச் சாலையின் புழுதியையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டது. பாட்டில் கட்டம் அப்படியே இருந்தது. கோடை மழை வந்தபோது ருக்மணி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வண்டியருகே நின்று பார்த்தாள். பாலிஷ் கட்டத்தில் தண்ணீர் ஏடு மாதிரிப் படர்ந்தது. மெழுகில் முத்து முத்தாக நின்றது. பாட்டில் கட்டத்திலோ ஒரு துளிகூட நிற்காமல், யாரோ துரத்தினது போல் ஓடியது.

"அப்போ பாட்டிலுதான்" என்றார் கோவிந்தப்பன். அவளும் அநேகமாக அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் வண்டி முழுக்க அதையே பூசிவிடலாம் என்று பேச்சு.

அதற்குள் லால் பாஷாவுக்கு ஒரு சோதனை வந்தது.

ராயக்கோட்டைப் பக்கத்தில் நாராயணப்பன் என்று ஒரு நிலக்காரர். மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார். அவருடைய இளம்பச்சைக் காரின் கதவில் மாட்டுவண்டி அச்சு உரசி நீளமாகக் கீறிவிட்டது. லால் பாஷாவிடம் பெயிண்ட் அடிக்க விட்டார். லால் பாஷா கீறலைச் சமன் செய்து அடித்தார். பெயிண்ட் காய்வதற்குள் கதவு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன, அம்மைத் தழும்பு மாதிரி. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் குழி. காற்றுக் குழாயைக் கழுவினார், புது டப்பா உடைத்தார், கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினார். எதற்கும் மசியவில்லை.

நாராயணப்பன் வந்து பார்த்தார். கல்யாண வேலையின் படபடப்பு வேறு. "மட்டப் பெயிண்ட்ட வாங்கித் தண்ணி கலந்து அடிச்சிருக்கறான்" என்று கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். பெரிய மனிதர் சொன்ன வார்த்தை. அந்த வாரமே, பெயிண்ட்டுக்கு விட்டிருந்த வண்டிகளை இரண்டொருவர் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். லால் பாஷா ஒருவரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. தன் கைமேலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருந்தது.

கோவிந்தப்பன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ருக்மணி சோற்றுக்கையோடு எழுந்துவிட்டாள். "லால் பாய் கலப்படம் பண்றவரா? வண்டிய எடுங்க."

குருபரப்பள்ளிக் கொட்டகையில் அவள் அந்தக் கதவை வெகுநேரம் பார்த்தாள். குழிகள் வட்டம் வட்டமாக இருந்தன. ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் பெயிண்ட் ஒதுங்கித் தடித்திருந்தது. நடுவில் வெறுமை.

"பாய், இந்தக் கதவுல முன்னால என்னா பூசி வச்சிருந்தாங்க?"

"அதெல்லாம் நான் கேக்கறதில்லயேம்மா. அவரு டிரைவர் ஏதோ பெங்களூர் பாட்டில்னு சொன்னான். நல்லாத்தான் மின்னிட்டு இருந்துச்சு."

ருக்மணி திரும்பித் தன் பானெட்டைப் பார்த்தாள். மழைத்தண்ணீர் ஓடிய ஓட்டம் நினைவில் வந்தது. "தண்ணியே நிக்க மாட்டேங்குது. அப்புறம் பெயிண்ட்டு எப்படி நிக்கும்? அதுவும் தண்ணி மாதிரிதான பாய் போய் விழுது?"

லால் பாஷா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். யோசித்தார். "இருக்கலாம். ஆனா யாருக்குத் தெரியும்? நான் சொன்னா, தப்பிக்கப் பாக்கறான்னுதான் சொல்லுவாங்க."

"அப்போ அவங்க கண்ணு முன்னாலயே பாத்துரலாம். எங்க பானெட்டு மேல அடிங்க. மூணு கட்டம் மேலயும்."

"வேணாம்மா!" என்று பதறிவிட்டார் அவர். "முகூர்த்த நேரம். உங்களுக்குச் சவாரி வர்றதே இப்பத்தான். முகத்துல தழும்போட வர்ற வண்டிய எந்தக் கல்யாண வூட்டுல கூப்புடுவாங்க?"

ருக்மணி கணவரைப் பார்த்தாள்.  அந்தக் கறுப்பு பானெட்டை எத்தனை காலை தேய்த்தவர்! கோவிந்தப்பன் ஒரு கணம் அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். "வண்டி உன்னுது ருக்கு. செய்யறதுன்னு ஆச்சுன்னா ஒழுங்காச் செய். நாராயணப்பன நான் போய்க் கூட்டியாரன்" என்றார்.

நாராயணப்பன் வந்தார். சமாதானம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்தவர், வண்டியைச் சுற்றி ஸ்டாண்டு டிரைவர்கள் நிற்பதைக் கண்டு புருவத்தைச் சுருக்கினார். "ஏம்மா, என்னா வேடிக்கை இது?"

"ஒண்ணியும் இல்லண்ணா. ஒரே டப்பா, ஒரே கை. மூணு எடத்துலயும் அடிக்கறாரு. நீங்க நின்னு பாருங்க, அது போதும்."

லால் பாஷா மூன்று கட்டங்களையும் மெல்லத் தேய்த்தார். தின்னரால் துடைத்தார். ஒன்றின் துணி மற்றதில் படாமல் ருக்மணியே துணி மாற்றிக் கொடுத்தாள். பிறகு கம்ப்ரசர் இரைந்தது. குழாயின் மூக்கிலிருந்து கறுப்புப் பெயிண்ட் புகை போல இறங்கிற்று. அவர் கை பானெட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நிற்காமல், நடுங்காமல் போயிற்று.

பாலிஷ் கட்டத்தில் பெயிண்ட் கண்ணாடிபோல் உட்கார்ந்தது. மெழுகை எடுத்த கட்டத்திலும் அப்படியே. மூன்றாவது கட்டத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர் இருமினார். அப்புறம் ஓர் ஊசிமுனை அளவு வட்டம் திறந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டம் முழுக்கக் கண் விழித்துவிட்டது. அதே வட்டம், அதே தடித்த விளிம்பு. கட்டத்தின் கோடு முடிகிற இடத்தில் குழியும் நின்றது.

 நாராயணப்பன் குனிந்து பார்த்தார். தன் கார்க் கதவருகே போய் அதையும் பார்த்தார். மறுபடி வந்து பானெட்டைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாய், அன்னிக்கு ஸ்டாண்டுல நின்னு பேசினேன். இன்னிக்கு அதே ஸ்டாண்டுல நின்னு பேசறன். நீங்க வரணும்" என்றார். சொன்னபடியே செய்தார். கிருஷ்ணகிரியில், அன்று நின்ற அதே இடத்தில் நின்று, தான் சொன்னது தப்பு, லால் பாஷாவின் பெயிண்ட்டில் குறை இல்லை என்றார். லால் பாஷா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கண் கலங்கியதை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

காரணம் தெரிந்த பிறகு பரிகாரம் கிடைக்க நேரமாகவில்லை. லால் பாஷா கதவைத் தகரம் தெரியத் தேய்த்தார். ஒரு இழுப்புக்கு ஒரு துணி என்று, இழுத்த துணியைத் தூர எறிந்துவிட்டுத் துடைத்தார். இந்த முறை பெயிண்ட் உட்கார்ந்தது. கல்யாணத்துக்கு இளம்பச்சைக் கார் பழுதில்லாமல் போயிற்று.

கறுப்பு ஃபோர்டுதான் தழும்போடு நின்றது. "உங்க பானெட்டத்தான் மொதல்ல எடுப்பேன்" என்று லால் பாஷா அடம்பிடித்தபோது, "பொண்ணு கல்யாணம் காத்திருக்காது பாய், எங்க வண்டி காத்திருக்கும்" என்று ருக்மணி சொல்லிவிட்டாள். அந்த ஆவணியில் சில கல்யாண வீடுகள் வண்டியைப் பார்த்துவிட்டு வேறு காருக்குப் போயின. அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஸ்டாண்டு பக்கம் போகும்போதெல்லாம் பானெட்டைப் பார்க்காமல் நடப்பாள். ஆனால் செய்ததைப் பற்றி ஒருநாளும், ஒருவரிடமும் அங்கலாய்த்ததில்லை.

பெங்களூர் விற்பனைக்காரர் மறுபடி வந்தார். ஸ்டாண்டில் அவரைச் சூழ்ந்துகொண்டு டிரைவர்கள் சண்டைக்குப் போனார்கள். விஷயம் எட்டி ருக்மணியே வந்துவிட்டாள்.

"அவர விடுங்க. பாட்டிலு கெட்டதில்ல. அவரு சொன்ன மாதிரியே வெயிலுக்கும் மழைக்கும் நின்னுச்சு, நானே பாத்தன்" என்றாள். அவரிடம் திரும்பி, "ஆனா நம்ம ரோட்டுல மாட்டுவண்டி உரசும், கல்லு தெறிக்கும். திரும்பப் பெயிண்ட்டு அடிக்கற வண்டிக்கு இது ஆகாது. விக்கறதுக்கு முன்னால அத ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றாள். அந்த மனிதர் கைகூப்பினார். அதன்பிறகு அவர் வரும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் விற்றார் என்று கோவிந்தப்பன் சொல்வார். விற்பனை குறைந்ததாகவும் தெரியவில்லை.

அவளுடைய வண்டிக்கு மெழுகுதான் என்று முடிவாயிற்று. வெயில் காலத்தில் அடிக்கடி பூச வேண்டும், புழுதியைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உழைப்புக்கு அவள் தயார். வருஷத்தில் ஒருமுறை, தீபாவளிக்கு, கோவிந்தப்பன் ஆசைக்காகப் பரணிலிருந்து பாலிஷ் டப்பா இறங்கும். கூடவே நின்று, "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

புரட்டாசியில் லால் பாஷா பானெட் முழுவதையும் தகரம்வரை தேய்த்துப் புதிதாக அடித்துக் கொடுத்தார். வண்டி எடுக்க இருவரும் போயிருந்தார்கள். கோவிந்தப்பன் கிருஷ்ணகிரிப் பக்கம் திருப்பாமல் ஓசூர்ப் பக்கம் திருப்பினார்.

"எங்க போறீங்க? அங்க சவாரி ஏதும் இருக்குதா?"

"இருக்குது. முன் சீட்டுல ஏறி உக்காரு."

கார் வாங்கிய நாளிலிருந்து அதில் அவள் ஒருமுறைகூட நெடுந்தூரம் போனதில்லை. அவள் உட்காருகிற இடம் ஒரு சவாரிக்காரருக்கு ஆகுமே என்ற எண்ணம்தான். அன்று ஏறி உட்கார்ந்தாள். சூளகிரி மலை கிட்டே வந்து விலகிப் போயிற்று. ஓசூரில் ஒரு ஓட்டல் வாசலில் காரை நிறுத்தி இரண்டு காபி சொன்னார் கோவிந்தப்பன். காபி ஆறும்வரை ருக்மணி, வழி நெடுக வைத்திருந்தது போலவே ஜன்னல் வழியே கை நீட்டி, காற்றில் விரல்களை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.