குழி வெட்ட வராதவர்கள்

அட்ராக்டா கில்வாரி வேலைக்குச் சேர்ந்த முதல் பத்தொன்பது வருடங்களில் அவளைப் பார்த்து ஊரில் ஒருவரும் பயந்ததில்லை. அதனால்தான் அந்த ஊரில் அவளால் நிம்மதியாகக் காலம் தள்ள முடிந்தது.

பூங்கா, வனவிலங்குத் துறையில் அவள் ரேஞ்சர். அயர்லாந்தின் மேற்குக் கோடியில் நாக்னாஷின் மலையும் அதன் அடிவாரச் சதுப்பும் இரண்டு ஏரிகளும் அவள் பொறுப்பு. நாட்டில் வங்கிகள் கவிழ்ந்த வருடம் அரசாங்கம் முதலில் கை வைத்தது இந்தத் துறையில்தான். பக்கத்து வட்டத்து ரேஞ்சர் ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடாமல் அவருடைய மலையையும் இவள் தலையில் கட்டினார்கள். வேனின் பின்கதவு கழன்றபோது மாற்றுக் கதவு கேட்டு எழுதினாள். பதில் வரவில்லை. கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டினாள்.

அந்த வேன் சேற்றில் புதையும்போதெல்லாம் டிராக்டரோடு வந்து இழுத்துவிடுகிறவன் ஃபெஸ்டி ருவேன். அடுத்த பண்ணைக்காரன், செம்மறி வளர்ப்பவன், அவளைவிட நாலு வயது மூத்தவன். மார்ச் முதல் தேதிக்குப் பிறகு மலையில் தீ வைக்கக் கூடாது என்பது சட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகள் வரும் காலம் அது. ஆனால் புதர் காய்வதே ஏப்ரலில்தான். புதரை எரித்தால்தான் ஆட்டுக்குப் புதுப்புல். ஃபெஸ்டி வருடா வருடம் எரித்தான். அட்ராக்டா வருடா வருடம் பிப்ரவரியில் போய் வேண்டாம் என்று சொன்னாள், ஏப்ரலில் புகைப்படத்தோடு மேலிடத்துக்கு எழுதினாள். வழக்கு நடத்த வக்கீல் இல்லை என்று மேலிடம் சும்மா இருந்தது.

"இந்த வருஷமும் எழுதியாச்சா?" என்பான் ஃபெஸ்டி, அவள் சமையலறையில் டீ குடித்தபடி. "பேரை மட்டும் ஒழுங்கா எழுது. நாளைக்கு அந்தப் புகழ் வேற எவனுக்காவது போயிடப் போகுது."

அவளும் சிரிப்பாள். மலையில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரே ஒரு ஜோடி கர்லூ, வளைந்த நீள அலகுப் பறவை, எந்த மேட்டில் கூடு கட்டும் என்பதை அவனுக்கு மட்டும் காட்டியிருந்தாள். அந்தப் பக்கம் ஆட்டை விடாமல் பார்த்துக்கொள்வான் என்று. அவனும் விட்டதில்லை, தீயைக்கூட அந்த மேட்டுக்கு இப்பால் நிறுத்திவிடுவான்.

வீட்டில் அவளுடைய அம்மா ஹானோரா பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்து படுக்கையில் கிடந்தாள். மதியம் அட்ராக்டா மலையில் இருக்கும் நேரத்தில் ஃபெஸ்டியின் மனைவி டிலியா தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு வருவாள். கிழவிக்கு சூப் ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, முதுகுக்கு எண்ணெய் தடவிவிட்டுப் போவாள். இரண்டு வருடம் ஒரு நாள் தவறியதில்லை.

பிறகு ஒரு ஜனவரியில் அரசாங்கத்துக்கு மனம் மாறியது. துறைக்குப் பணம் வந்தது. புது வண்டிகள், புது ஆட்கள், தனியாக வக்கீல்கள். மாவட்ட அதிகாரியாக வந்த ரோனன் டெவானி முப்பத்தைந்து வயதுக்காரன். வந்த முதல் வாரமே அட்ராக்டாவின் பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்துவிட்டு, இத்தனை வருடத்தில் இதைவிட நேர்த்தியான வேலையைத் தான் பார்த்ததில்லை என்றான். அன்று அவள் வண்டிக்குள் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். ஒருவராவது படித்தாரே என்ற சந்தோஷம்.

பிப்ரவரியில் வழக்கம்போல ஃபெஸ்டியிடம் போனாள். இந்தத் தடவை நிலைமை வேறு, வேண்டாம் என்றாள். போன வருடமும் இதையேதான் சொன்னாய் என்றான் அவன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி பட்டப்பகலில் தீ வைத்தான். புகைக்கு மேலே துறையின் புது டிரோன் பறந்து படமெடுத்தது.

ஒரு முறை கூப்பிட்டுக் கண்டித்துவிட்டால் போதாதா என்று ரோனனிடம் அவள் கேட்டுப் பார்த்தாள்.

"பதினோரு வருஷமா நீங்க கண்டிச்சிருக்கீங்க, அட்ராக்டா. உங்க கையெழுத்துலயே இருக்கு. அதனாலதான் இந்தக் கேஸ் நிக்கும்."

ஜூலையில் ஃபெஸ்டிக்குச் சம்மன் போனது. மறுநாள் அட்ராக்டாவின் கதவிடுக்கு வழியாக ஒரு உறை விழுந்தது. உள்ளே டிலியாவிடம் இருந்த சாவி. ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

நவம்பரில் விசாரணை. ஃபெஸ்டியின் வக்கீல் தீயைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. உங்கள் தாயாரை இத்தனை நாள் பார்த்துக்கொண்டது யார் என்று மட்டும் கேட்டார். அட்ராக்டா டிலியாவின் பெயரைச் சொன்னாள். டிலியா மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றார் நீதிபதி. ஃபெஸ்டி குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அதனால் அவனுடைய பண்ணை மானியமும் நின்றது. கிறிஸ்துமஸுக்குள் பாதி ஆடுகளை விற்றான்.

அதற்குப் பிறகு ஊர் அவளோடு பேசவில்லை. திட்டவும் இல்லை. கடைக்காரர் மிச்சக் காசை அவள் கையில் தராமல் மேசைமேல் வைத்தார். தேவாலயப் பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்து சமாதானம் சொல்லும் நேரத்தில் அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. உடம்பு தேய்ந்து வரும் அம்மாவுக்கு, மாவட்ட நிர்வாகம் அனுப்பிய பணிப்பெண் ஒரு மணி நேரம் வந்து போனாள். அது போதவில்லை. முதுகில் புண் வைத்தது.

"டிலியா ஏன்டி வர்றதில்ல?" என்று அம்மா தினமும் கேட்டாள். ஒரு நாள் அட்ராக்டா நடந்ததை முழுசாகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு பறவைக்காகவா?"

"சட்டம்மா அது."

"எனக்கு முதுகு வெந்து போகுது. உன் பறவைய வந்து புரட்டிப் போடச் சொல்லு."

மே மாதம் ஒரு காலையில் வாசற்படியில் கோழிமுட்டை அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. திறந்தாள். பச்சையில் பழுப்புப் புள்ளி போட்ட நான்கு கர்லூ முட்டைகள். தொட்டுப் பார்த்தபோது இன்னும் இளஞ்சூடு இருந்தது. பெட்டியை ஸ்வெட்டருக்குள் அணைத்துக்கொண்டு, அறுபது மைல் தள்ளி அடைகாக்கும் எந்திரம் இருந்த நிலையத்துக்கு வண்டியை விரட்டினாள். அங்கிருந்த பெண் ஒரு முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், பிறகு மெதுவாகச் சொன்னாள். நான்கையும் யாரோ வேகவைத்திருந்தார்கள்.

ஜூனில் ஹானோரா இறந்தாள். அந்த ஊரில் குழி வெட்டக் கூலியாள் கிடையாது. அக்கம்பக்கத்து ஆண்கள் அடக்கத்துக்கு முந்தின நாளே போய் வெட்டி முடித்துவிடுவார்கள். யாரும் போய்க் கூப்பிடும் வழக்கமில்லை. அட்ராக்டாவின் அப்பாவுக்கு ஒன்பது பேர் வந்தார்கள், ஃபெஸ்டிதான் முதல் மண்வெட்டியைப் போட்டான். இந்தத் தடவை அடக்கத்தன்று காலை ஏழு மணிக்குப் பாதிரியார் போன் செய்து, கல்லறைத் தோட்டத்தில் புல்லைக்கூட யாரும் தொடவில்லை என்றார்.

அவளும், ஷினேட் என்ற பெண், ஓர் இளைஞன் எனத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு ரேஞ்சர்களும் துறையின் பெயர் முதுகில் அச்சடித்த பச்சை ஜாக்கெட்டோடு வெட்ட ஆரம்பித்தார்கள். முழங்கால் ஆழம் போயிருப்பார்கள். ஃபெஸ்டி வெளிக்கதவைத் திறந்து உள்ளே வந்தான். அட்ராக்டா நிமிர்ந்தாள். அவன் கையில் மண்வெட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். வெறுங்கை.

"அங்க இல்ல. அது உன் சித்தப்பா கிடக்கிற பக்கம். கல்லு ஒண்ணுதான், ஆனா உங்கப்பா கிடக்கிறது இங்க." குதிகாலால் புல்லில் நீளமாகக் கீறிக் காட்டினான். "டிலியா சொன்னதால வந்தேன். கிழவி தப்பான இடத்துல கிடக்கக் கூடாதுன்னு அவ சொன்னா. உனக்காக இல்ல."

"ஃபெஸ்டி, அந்த முட்டை..."

"நல்லா வெந்திருந்துச்சா?"

திரும்பி நடந்தான். ஷினேட் முகம் வெளுத்துப் போய் நின்றாள். தான் காதால் கேட்டதாகவும், சாட்சி சொல்லத் தயார் என்றும் சொன்னாள். அட்ராக்டா மண்வெட்டியை எடுத்தாள். வெட்டிய குழியை மூடிவிட்டு, அவன் கீறிய இடத்தில் புதிதாகத் தோண்டத் தொடங்கினாள். பதினொரு மணிக்குச் சவப்பெட்டி வந்தபோது அவள் நகக்கண்ணெல்லாம் மண். பெட்டியைச் சுமந்த ஆறு பேரும் பச்சை ஜாக்கெட்டுக்காரர்கள். ஊரார் ஒருவரும் வரவில்லை.

வேறு மாவட்டத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றான் ரோனன். அவள் வேண்டாம் என்றாள். இன்னும் ஆறு வருடம் அதே மலையில் வேலை பார்த்தாள். கர்லூ ஜோடி அந்த மேட்டுக்குத் திரும்பவில்லை. அந்த ஆறு வருடத்தில் தீ வைத்தவர்கள் மூன்று பேர். மூவர் மேலும் வழக்குப் போட்டாள், மூன்றிலும் ஜெயித்தாள். அவர்களில் ஒருவன் டிலியாவின் தம்பி. பிப்ரவரியில் யார் வீட்டுக்கும் போய் அவள் முன்கூட்டி எச்சரிக்கவில்லை.