ஆணியில் தொங்கிய பிரஷ்

முடிக்காரர் என்றால்தான் அந்தப் பண்ணையில் அவரைத் தெரியும். தலையில் முடி அவ்வளவாகக் கிடையாது. தொழிலால் வந்த பேர். நாட்டுக் குதிரைகளின் பிடரியிலிருந்து வேரோடு நாலு முடி பிடுங்கி, உறையில் போட்டு, மேலே குதிரையின் பேரை எழுதி மரபணுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது அவர் வேலை. எது எதற்குச் சொந்தம், எதோடு எதைச் சேர்க்கலாம் என்பதெல்லாம் அந்த முடியை வைத்துத்தான் முடிவாகும்.

இப்பேர்ப்பட்ட வேலையில் இருப்பவருக்குக் குதிரை என்றாலே குலைநடுக்கம். சேர்ந்த புதிதில் ஒரு பெண்குதிரை விட்ட உதையில் விலா எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. "குதிரைப் பண்ணையில சம்பளம் வாங்கிட்டு கழுதையைக் கண்டாலும் ஒதுங்குறாரு எங்க வீட்டுக்காரர்" என்று மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டுமே. உதை வாங்கினவருக்கல்லவா தெரியும்.

பயந்தவருக்குக் குறுக்குவழி தானாகவே கண்ணில் படும். ஒவ்வொரு கொட்டடி வாசலிலும் ஓர் ஆணி. அதில் அந்தக் குதிரையைத் தேய்க்கும் பிரஷ். பிரஷில் சிக்கிய முடியைத் துழாவினால் வேரோடு நாலைந்து கிடைக்காமலா போகும்? எடுத்து உறையில் போட்டால் தீர்ந்தது. குதிரையின் மூச்சுக்காற்றுகூட மேலே படாது. வருஷக்கணக்கில் இப்படித்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை சண்டியருக்குக் காயடிக்க ஏற்பாடாகியிருந்தது. சண்டியர், இனவிருத்திக்கென்று வாங்கிய கறுப்புப் பொலிகுதிரை. முன்னால் போனால் கடி, பின்னால் போனால் உதை. ஆனாலும் பாரவண்டி இழுத்துக்கொண்டிருந்த அதைத் தேடிப்பிடித்து வாங்கியதற்குக் காரணம் இருந்தது. பண்ணையின் மற்றப் பொலிகுதிரைகள் எல்லாம் ஒரே தாத்தாவின் வாரிசுகள். சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துக் குட்டிகள் நோஞ்சானாகிக்கொண்டிருந்தன. போன வருஷம் ஒன்று தாடை கோணிப் பிறந்தது. தாயின் மடி எதிரே இருந்தும் பால் குடிக்க முடியாமல் தவித்துச் செத்தது. அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிப்போனவர் முடிக்காரர்தான். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

சண்டியர் அதே நாட்டு இனத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கிளையாக இருக்கும் என்று பண்ணையின் கால்நடை டாக்டரம்மா நம்பியிருந்தார். பரிசோதனைக் கூடம் கையை விரித்துவிட்டது. சீமைக் குதிரை ரத்தம் கலந்திருக்கிறதாம். கலப்புப் பொலிகுதிரையை நாட்டுப் பெண்குதிரைகளோடு விட்டுவைக்க முடியாது.

முடிக்காரர் வெந்நீர் வாளியோடு லாயத்துக்குள் வந்தார். அங்கே குதிரை தேய்க்கும் வேலையில் இருப்பவன் அவர் மனைவியின் தம்பி. பண்ணை அதிகாரி சவாரி போகும் கறுப்புக் கலப்புக் குதிரையைத் தேய்த்து முடித்த கையோடு, பிரஷைக் கொண்டுபோய்ச் சண்டியரின் ஆணியில் மாட்டினான்.

"மாப்ளே, அது சண்டியரோட பிரஷ்தானே? அதை வச்சு ஏன் இதைத் தேய்க்கிற?"

"பிரஷ்ல பேரா எழுதியிருக்கு மாமா? கைக்கு எது வருதோ அதுல தேய்க்கிறது, எந்த ஆணி காலியா இருக்கோ அதுல மாட்டுறது. சண்டியரைத் தேய்ச்சே மாசக்கணக்காச்சு. யாரு கடி வாங்குறது?"

வாளி சாய்ந்து வெந்நீர் காலில் கொட்டியது. முடிக்காரருக்கு உறைக்கவே இல்லை. அப்படியென்றால் சண்டியர் பேரில் தான் அனுப்பிய முடி? சொன்னால் வேலை போகும். வேலை போனால் பண்ணை கொடுத்த வீடு போகும். வாயை மூடிக்கொண்டு நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை நினைக்கையில்தான் இன்னும் பயமாக இருந்தது.

டாக்டரம்மா மயக்க ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். "தண்ணிய வச்சுட்டு நகருங்கண்ணா."

அவர் நகரவில்லை.

"டாக்டரம்மா, அந்த முடி... இவனோடது இல்ல."

"என்னது?"

"நான் புடுங்கல. பிரஷ்லேர்ந்து எடுத்தேன். பிரஷ் மாறியிருக்கு."

டாக்டரம்மா ஊசியை மூடித் தட்டில் வைத்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது முடிக்காரருக்கு. அவரோ பையிலிருந்து புது உறை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நெனச்சா ரத்தம் எடுத்து நானே அனுப்பிடுவேன். ஆனா இது உங்க வேலை. என் கண்ணு முன்னாடி புடுங்குங்க."

சண்டியர் காதைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தது. முடிக்காரர் உள்ளே போனார். பழைய விலா எலும்பு நோவது போலிருந்தது. பிடரியில் கைவைத்தபோது அது தலையைத் திருப்பி அவர் கழுத்தில் சூடாக மூச்சுவிட்டது. உயிர் போய் உயிர் வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுண்டி இழுத்தார். வெளியே வந்து பார்த்தால் விரலிடுக்கில் கறுப்பு முடி, அடியில் வெள்ளை வெள்ளையாக வேர். பெருமையோடு நீட்டினார்.

டாக்டரம்மா அதைப் பார்க்கவில்லை. வரிசையாக இருந்த கொட்டடிகளை, ஆணிகளை, ஆணிக்கு ஆணி தொங்கிய பிரஷ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இத்தனை வருஷமா அனுப்பினதுல கையால புடுங்கினது எது எது?"

"இது ஒண்ணுதான்" என்று முடிக்காரர் விரலிடுக்கில் இருந்த முடியைக் காட்டினார்.

கடைசிக் கொட்டடியில் ஒரு சிவப்புப் பெண்குதிரை வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. நிறை சினை; இன்றோ நாளையோ ஈனும். அதோடு சேர்த்த பொலிகுதிரை தூரத்துச் சொந்தம்தான், ஆபத்தில்லை என்று சொன்னது முடிக்காரர் அனுப்பிய முடி. டாக்டரம்மாவின் பார்வை அதன் வயிற்றில் போய் நின்றது.

"இதோடது?"

"பிரஷ்தான்" என்றார் முடிக்காரர்.

வயிற்றுக்குள் குட்டி புரண்டது வெளியே தெரிந்தது. போன வருஷம் தூக்கிய சாக்கின் கனம் முடிக்காரர் கைக்குத் திரும்ப வந்தது.