பெயர் போடாத பாட்டுக்காரி

கல்முனையில் பதினெட்டு வருடமாகப் பெண்களுக்கு அளவெடுத்துத் தைக்கும் றுவைதாவின் கண்ணுக்கு எந்த உடம்பின் குறையும் தப்பாது. கணவர் அஸ்மீர் வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பார்க்கும் பழைய ஹொலிவூட் பாட்டுப் படத்தின் நடிகையையும் அவள் விடவில்லை. தோள் சரிவாம், கழுத்து கட்டையாம்.

அந்தப் பாட்டுகளைப் பாடியது படத்தில் பெயர்கூடப் போடாத வேறொருத்தி என்று போனில் வாசித்த அன்று, துள்ளிக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

“இஞ்சப் பாருங்க, உங்கட ராணிக்குப் பாடவே தெரியாதாம்!”

“ஓம் புள்ள, முந்தியே தெரியும். நான் அந்த மற்றவட குரலுக்குத்தான் பார்க்கிற.”

றுவைதாவுக்கு வயிறு எரிந்தது. குரலில் எங்கே குறை பிடிப்பது?

“அவ இப்ப எங்க இரிக்கா?”

“மௌத்தாகிக் கனகாலம்.”

சாவுச் செய்திக்குச் சொல்லவேண்டியது ‘இன்னாலில்லாஹி’. றுவைதாவின் வாயில் வந்ததோ, நல்ல செய்திக்கு இறைவனுக்கு நன்றி சொல்லும் ‘அல்ஹம்துலில்லாஹ்’.