பாலம் தாண்டாத பஸ்

போன மாதம் தி.நகர் பஸ் நிலையத்தில் ஒரு பெண் கையில் காகிதத்தோடு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். பஸ் போகும் வழிகளை மாற்றப் போகிறார்களாம். எந்த பஸ் எங்கே வந்தால் வசதி என்று பயணிகளே சொல்லலாமாம். "நீங்க சொல்லுங்க சார்" என்று என் முகத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் எனக்கு வார்த்தை வராது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது வேறு எங்கோ போகிற பஸ். இறங்கி நடந்து வரும்போது அத்தையின் ஞாபகம் வந்தது.

அப்போது நாங்கள் கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு வீட்டில் இரண்டாவது மாடியில் இருந்தோம். நைனா, அம்மா, அக்கா, நான். ஐந்தாவது ஆள், நைனாவின் தங்கையான அத்தை. புருஷன் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவள். அவளுக்கு நெஞ்சில் சீக்கு; டி.பி. என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். விடாமல் போட்டால் பிழைத்துக்கொள்வாள், நடுவில் விட்டால் அப்புறம் மருந்து கேட்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நந்தனத்தோடு திரும்பிவிடும். பாலத்தை நடந்துதான் கடக்க வேண்டும். அத்தை பாலத்தில் மூன்று இடங்களில் நிற்பாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்ப்பதுபோல் நிற்பாள். அந்த நாற்றம் பிடித்த தண்ணீரை ஒருத்தி அவ்வளவு ஆசையாகப் பார்ப்பானேன் என்று யாரும் கேட்டதில்லை.

அக்காவைப் பெண் பார்க்க வந்துகொண்டிருந்த சமயம் அது. வீட்டில் இந்தச் சீக்கு இருப்பது வெளியே தெரிந்தால் ஒருவரும் படியேற மாட்டார்கள். அத்தை மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள் என்றுதான் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கட்டளை. நானும் அப்படியே சொல்லி வந்தேன்.

கீழ்வீட்டு டைலர் மாமாதான் மனுப் போடலாம் என்று ஆரம்பித்தார். பாண்டி பஜார் பக்கம் ஒரு கடையில் தைப்பார், மாலையில் வீட்டு மிஷினில் ஜாக்கெட் தைப்பார். நாலு பேருக்காகப் பேசக்கூடியவர், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி மாடிக்கு வந்தார்.

"இன்னா நைனா, உன் கையெழுத்து முத்து மாரி கீதாமே? குந்து. நான் சொல்றத எழுது."

நந்தனத்தில் திரும்பும் பஸ் பாலத்தைத் தாண்டி எங்கள் பிளாக் வாசல் வரை வந்து திரும்ப வேண்டும் என்று எழுதினேன். முதல் காரணமாக அவர் சொன்னது, எங்கள் பிளாக்கில் நோயாளிகள் பலர், நடக்க முடியாமல் அவதிப்படுகிறார்கள் என்பது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"யாரு இன்னான்னு பேரெல்லாம் போடுவியாண்ணே?"

"பேரு இன்னாத்துக்கும்மா? சும்மா அப்டி ஒரு வரி போட்டாதான் ஆபீசருங்க மனசு எளகும்."

அம்மாவுக்கு மூச்சு வந்தது. பிளாக் முழுவதும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். அத்தையும் வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, விசாரிக்க ஓர் அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. நாங்கள் எதிர்பார்க்காதது அது. பெரிய மனிதர் வருகிறார் என்று படிக்கட்டைக் கழுவினார்கள். பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டும் புடவையை எடுத்துக் கட்டினார்கள். அம்மா அத்தையின் முகத்துக்குப் பவுடர் பூசி, அக்காவின் ரோஸ் நிறப் புடவையைக் கட்டிவிட்டாள்.

அதிகாரி மனுவை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டார். "நோயாளிகள் பலர்னு எழுதியிருக்கீங்க. இந்த வீட்ல யாரு?"

முதல் வீட்டில் நோயாளி ஒருவரும் இல்லையாம். "எதுத்த வூட்ல கேளுங்க சார்" என்றார்கள். எதிர்வீட்டுக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு முதல் வீட்டுக்காரியிடம் சீறினாள்.

"எங்க வூட்லயா? இன்னா நக்கலா? ஒன் மாமியா இருமறது ஆத்துக்கு அந்தாண்ட கேக்குது, அதச் சொல்லு."

"அது மூக்குப்பொடி இருமலு சார்!" என்றாள் முதல் வீட்டுக்காரி.

அதிகாரி சிரித்துவிட்டார். டைலர் மாமா வீட்டுக்கு வந்தபோது, மாமா மார்பை நிமிர்த்திக்கொண்டு, "நம்ம வூட்ல தலவலி மாத்தர கூட கெடையாது சார்" என்றார். ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டில் நோயாளி கிடைப்பான் என்று நம்பியது.

எங்கள் வீட்டில் அவர் என்னைத்தான் கேட்டார். "தம்பி, நீதான் எழுதினியா? யாரை நினைச்சு எழுதின?" நான் தரையைப் பார்த்தேன். அத்தை சட்டென்று முன்னால் வந்தாள்.

"சின்னப் பையன் சார், அவனுக்கு இன்னா தெரியும். நாங்கல்லாம் கல்லு மாரி கீறோம்."

சொல்லிக்கொண்டே கலர் சோடாவை நீட்டினாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் குடித்து முடித்து, எழுதி, படியிறங்கும் வரை அத்தை மூச்சை விடவில்லை. அப்புறம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சாயங்காலம் வரை இருமினாள். தண்ணீருக்கடியில் மூச்சடக்கும் போட்டியில் ஜெயித்தவளைப் பார்ப்பதுபோல நான் அவளைப் பெருமையாகப் பார்த்தேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கேட்டதை எழுதிக்கொண்டு போனார். மனுவில் கண்டபடி நோயாளிகள் எவரும் இல்லாததால் பஸ்ஸை நீட்டிக்கத் தேவையில்லை என்று பதில் வந்தது. டைலர் மாமா என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "போதும் நைனா, மடி" என்றார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பாலத்தில் காற்று ஆளைத் தள்ளியது. அத்தை ஊசிக்குப் போவது வாரத்துக்கு ஒரு முறையானது, அதுவும் நின்றது. தை மாதத்தை அவள் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் எனக்கும் அதே இருமல் வந்து பள்ளிக்கூடம் போகவில்லை.

அதற்கு முன், அத்தை கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னை அழைத்துப் போனாள். ஊசிக்கான பெஞ்சில் எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஆள் தள்ளி, மூக்குப்பொடிக் கிழவி. கடைசியில் முகத்தில் துண்டு போட்டுக்கொண்டு ஒருவர். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. "மாமா!" என்று கத்தினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்ற இருவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அத்தை என் கையைக் கிள்ளினாள்.

"கம்முனு வா. அது வேற ஆளு."

எல்லோருக்கும் என்மேல் கோபம் என்று நினைத்தேன். நான் எழுதிய மனுவால்தானே பஸ் வராமல் போயிற்று? அன்று மாலையே புது நோட்டிலிருந்து தாள் கிழித்து, இன்னும் அழகாக வேறொரு மனு எழுதினேன். பொய் என்று ஆபீசர் கண்டுபிடித்த வரியை எடுத்துவிட்டு, அவருக்குப் பிடித்தமாதிரி ஒரு வரி சேர்த்தேன். மிஷினில் இருந்த டைலர் மாமாவிடம் போய், பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்தேன்.

"ஐயா, எங்கள் பிளாக்கில் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறோம்."

மாமா மிஷினை நிறுத்தினார். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. இருமல் வந்துவிட்டது என்று நினைத்து, நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினேன்.