நான்கு மூலையிலும் மஞ்சள்

அரசாங்கம் என்னை மன்னித்துவிட்டது. வேலை கேட்டுப் போகும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

கடலூர் முதுநகரில் குடிதண்ணீர் கேட்டு நடந்த சாலை மறியலில், ஆளில்லாமல் நின்ற ஒரு பஸ்ஸின் முன்கண்ணாடி உடைந்தது. கல்லை எறிந்தவன் நான். கோர்ட்டிலும் அப்படித்தான் சொன்னேன். ஜெயிலில் இருந்தபோது ஆளுநர் பெயரில் மன்னிப்பு ஆணை வந்து வெளியே விட்டார்கள்.

அந்த ஆணையை அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு மஞ்சளைக் குழைத்து, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். ஜெராக்ஸ் எடுத்து வந்தால் அதற்கும் தடவுவாள்.

"நல்ல சேதிக் காயிதம் வெறுமனே போவக்கூடாதுடா. மஞ்ச இருந்தா எதிராளி ரெண்டு கையாலயும் வாங்குவான். வாங்கிட்டா இல்லன்னு சொல்லமாட்டான்."

ஒருமுறை துடைத்துப் பார்த்தேன். கறை பெரிதானதுதான் மிச்சம்.

என் மனைவியின் தம்பிக்கு வேறு யோசனை. "ஜெயிலுக்குப் போனத அவுங்க கேட்டா சொல்லு மாமா. கேக்கலன்னா வாய மூடிக்கினு வந்துடு. ஒனக்கு வாய் ஜாஸ்தி."

நாளைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷனில் தெரிந்து, ஒளித்துவிட்டான் என்று பெயர் வாங்குவதைவிட இன்றே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. அவனுக்கு அது புரியாது. இதுவரை அவன் உண்மை சொல்லி எதையும் இழந்ததில்லை.

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் வேன் டிரைவர் வேலை. எனக்கு அது வேண்டும், மிகவும் வேண்டும். மீன் லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டுகிறேன். நான் வீடு வந்து சேரும்வரை அம்மா தூங்குவதில்லை. பகல் வேலை கிடைத்தால் அவளும் தூங்குவாள்.

தாளாளர் பக்கத்தில் உட்கார்ந்து வேனை ஓட்டச் சொன்னார். குறுகலான தெருவில் திருப்பி, ரிவர்ஸ் எடுத்துக் காட்டினேன். தன் அறைக்குத் திரும்பி உட்கார்ந்ததும், "திங்கக்கெழம வந்துடுங்க" என்றார் சிரித்தபடி. அப்போதுதான் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

மஞ்சளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு கையாலும் வாங்கினார். "யாருக்குக் கல்யாணம்?"

படித்தார். உட்கார்ந்தார். ஏதோ அசிங்கத்தைத் தொட்டவர்போல விரல் மஞ்சளைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கேஸ் பொய்னு விட்டிருந்தா பரவால்ல. மன்னிச்சுட்டாங்கன்னா நீங்க செஞ்சிருக்கீங்கன்னுதானே அர்த்தம்?"

"ஆமா சார், செஞ்சேன். தண்டனை குடுத்தவுங்களே போதும்னு சொல்லிட்டாங்க."

"பஸ் கண்ணாடிய ஒடச்சவர நம்பி எப்படிங்க நான் புள்ளைங்கள ஏத்தி அனுப்புறது?"

"கொஞ்சம் முன்னாடி நீங்களே ஏறி உக்காந்து வந்தீங்களே சார்?"

அவர் காகிதத்தைப் பேனாவால் என் பக்கம் தள்ளினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு கண்ணாடியும் உடைந்திருக்கும். அவருடைய மேஜைக் கண்ணாடி. பஸ் ஏறிக் கடலூர் வந்து இறங்கும்வரை மனசுக்குள் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன்.

வீட்டு வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள்.

"ரெண்டு கையாலயும் வாங்குனாரா?"

"வாங்குனாரும்மா."

"எழுந்து நின்னாரா?"

"நின்னுதான் வாங்குனாரு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. முகம் தெரியாத அத்தனை பேரிடமும் உண்மையைப் பேசிப் பேசி வேலையைக் கோட்டைவிட்டவன், பெற்றவளிடம் மீதியைச் சொல்லாமல் செருப்பைக் கழற்றினேன்.

அன்று இரவும் மீன் லோடு. கிளம்பும்போது அம்மா சொன்னாள்:

"ஃபோன மட்டும் எங்கிட்ட குடுத்துட்டுப் போடா. வேலைக்கு அவுங்க கூப்புட்டா எடுக்க ஆளு வேணும்ல."