சிரிக்காதீங்கம்மா...

போன வாரம் மரக்காணத்திலிருந்து ஒரு போன்.

"சார், உப்பளத்துல போட்டோ எடுத்தீங்களே... பச்சையம்மா பேசுறேன். எம்புள்ள கல்யாணம் நின்னுடும் போல இருக்குது சார்."

நான் எடுத்த போட்டோவுக்கும் அவர் பிள்ளையின் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

இருந்தது.

எனக்குக் கேமரா பைத்தியம் பிடித்திருப்பது உங்களுக்குத் தெரியும். போர்ட்ரெயிட் எடுக்கும் திறமையை வளர்த்துக்கொள்ளலாமே என்று இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். காலை ஆறரைக்கு உப்பளத்தில் பத்துப் பேர், கழுத்தில் ஆளுக்கொரு கேமரா. பயிற்சியாளர் உருப்படியாகவும் சில விஷயங்கள் சொன்னார் – கண்ணில் ஃபோகஸ் வையுங்கள், வெள்ளை உப்பே கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும், ரிஃப்ளெக்டர் வேண்டாம். அப்புறம் ஒன்று சொன்னார்: "சிரிக்க விடாதீங்க. உழைக்கிற முகத்துல சோகம்தான் அழகு."

பச்சையம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். உப்பு வாரும் கையும் ஓயவில்லை, வாயும் ஓயவில்லை. மகன் புதுச்சேரியில் ஏ.சி. மெக்கானிக். வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டான். "வேலைக்குப் போவாதன்னுதான் சொல்றான் சார். வூட்ல குந்திகினு சுவத்தையா பாக்கறது?" பொம்மையார்பாளையத்தில் அவனுக்குப் பெண் பேசி முடித்தாயிற்று என்று சொல்லும்போது வாயெல்லாம் பல்.

நான் என்ன செய்தேன்? "சிரிக்காதீங்கம்மா... அந்தப் பக்கம் பாருங்க" என்றேன். வெயில் கண்ணில் குத்தி முகம் சுருங்கிய அந்த ஒரு நொடியில் – க்ளிக்.

உழைக்கிறவர்கள் சந்தோஷமாக இருந்தால் நம் படத்துக்கு அது ஏனோ ஒத்துவருவதில்லை.

படம் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, நீலப் புடவையைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். முகச் சுருக்கங்களைக் கொஞ்சம் ஆழமாக்கினேன். ஐம்பது எழுபதாகிவிட்டது. கீழே ஒரு வரி வேறு – "இந்த வயதிலும் இவளுக்கு ஏன் ஓய்வில்லை?" எங்கள் போட்டோ குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டதும் லைக் கொட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் கேள்விக்கு யாரோ ஒரு புண்ணியவான் பதிலும் எழுதிவிட்டார் – "பெற்ற பிள்ளை கைவிட்ட தாய்." அந்த வரியோடு படம் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் பெண் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

பச்சையம்மாவிடம் நம்பர் வாங்கி, பெண்ணின் அப்பாவுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பெத்தவளயே இந்தக் கோலத்துல வச்சிருக்கறவன் எம்பொண்ண எப்படிங்க வச்சிப்பான்? நீங்க ஆயிரம் சொல்லலாம் சார். போட்டோ பொய் சொல்லுமா?"

சொல்லும் ஐயா, நான்தான் சொல்ல வைத்தேன் என்றேன். அவர் நம்பவில்லை.

பச்சையம்மா என்னை நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இன்னொண்ணு எடுங்க சார். அதே எடத்துல போடுங்க. அதப் பாத்தவங்க இதையும் பாக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மாடி வீட்டு வாசலில் பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக நின்றார். பக்கத்தில் மகன். "சிரிங்கம்மா... கொஞ்சம் சிரிங்க" என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய படத்தை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். "இவரை மகன் கைவிடவில்லை, தப்பாகக் காட்டியது நான்" என்றும் எழுதினேன். அரை மணி நேரத்தில் காணோம். அட்மினிடமிருந்து மெசேஜ் – "சார், குடும்பப் படங்கள் இங்கே வேண்டாமே. தரமான போர்ட்ரெயிட் மட்டும் ப்ளீஸ்."

பெண் வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பழைய படம்தான் நேற்று எனக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவள் என் சொந்தத் தங்கை.

"பாவம்ணா இந்த அம்மா... அந்தப் புள்ள உருப்படுவானா?"